ஏணியைப் பிடித்தவள்

சிவாஜினி அலுமினிய ஏணியின் இரண்டு பக்கச் சட்டங்களையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கம்பளிக் கையுறைக்குள்ளாலும் குளிர் விரல்களுக்கு வந்து சேர்ந்தது. தலைக்கு மேலே குணசீலனின் பூட்ஸ்கள் ஒவ்வொரு படியாக ஏறிப்போயின. ஒவ்வொரு படியிலும் அவற்றின் அடியிலிருந்து அழுக்குப் பனி உதிர்ந்து அவளுடைய தொப்பியிலும் கன்னத்திலும் விழுந்தது. அவள் முகத்தைத் திருப்பவில்லை. முகத்தைத் திருப்பினால் கை தளரும், கை தளர்ந்தால் ஏணி ஒரு விரலளவாவது அசையும், அசைந்தால் மேலேயிருந்து ஒரு சத்தம் வரும். கல்யாணமாகி வந்த காலத்திலிருந்து அந்தச் சத்தம் அவளுக்குப் பழக்கம். திட்டு என்று சொல்ல முடியாது. "இஞ்சேர்" என்று கூப்பிடுகிற ஒரு சொல், அதற்குப் பிறகு ஒரு பெருமூச்சு. அந்தப் பெருமூச்சைத்தான் அவளால் தாங்க முடிவதில்லை.

பெப்ரவரி முடியப்போகிற ஒரு சனிக்கிழமை அது. சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவுக்குப் போகிற வழியில், ஏரிக்கரையோடு இருந்த அந்தப் படகு முற்றத்தில், குளிர்காலத்துக்காகக் கரையேற்றிய படகுகள் வரிசையாக நின்றன. தண்ணீரில் மிதக்கும்போது கையை நீட்டினால் தொடக்கூடியதாக இருக்கிற படகு, நிலத்துக்கு வந்து இரும்புத் தாங்கிகளில் ஏறி நின்றதும் ஒரு மாடிவீட்டின் உயரத்துக்கு வந்துவிடும். தண்ணீருக்குள் மறைந்திருக்கும் வயிறும் அதன் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பாரக்கட்டையும் அப்போதுதான் வெளியே தெரியும். குணசீலனின் படகு சிறியது, பழையது. மொன்றியல் துறைமுகத்தில் அவனோடு வேலை செய்த ஒருவர் ஓய்வுபெற்றபோது மலிவாகத் தள்ளிவிட்டது. உறவுக்காரர்கள் அதைக் கப்பல் என்றே சொன்னார்கள். கோடையில் வந்து ஏறி நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். சிவாஜினிக்குப் படகு ஆடத் தொடங்கினாலே வயிற்றைப் பிரட்டும். என்றாலும் ரோல்ஸ் பொரித்து எடுத்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு, ஓரத்தில் இருப்பாள். அந்த முற்றத்தில் குணசீலனை எல்லோரும் கப்டன் என்று கூப்பிட்டார்கள். பக்கத்துப் படகுக்காரர் றேஜான் அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் அவனுடைய கழுத்து ஒரு சாண் உயர்ந்துவிடும் என்று அவளுக்குத் தோன்றும்.

ஏணியின் தலையைக் கயிற்றால் படகோடு கட்ட வேண்டும் என்பது அங்கே எல்லோருக்கும் பொதுவான விதி. வாசலில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். முற்றத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண் வந்து நேரிலும் சொல்லியிருந்தாள். வழவழப்பான படகின் பக்கத்தில் சாத்திய ஏணி பக்கவாட்டில் சறுக்கும், அடியில் பனி இறுகியிருந்தால் காலும் வழுக்கும் என்று. குணசீலன் தலையாட்டுவான். துறைமுகத்தில் அவனுக்குக் கொள்கலன்களைக் கம்பியால் இறுக்கிக் கட்டுகிற வேலை. அங்கே இடுப்புப்பட்டி கொளுவாமல் ஒரு படி ஏறமாட்டான். இங்கே மட்டும் கட்டுவதில்லை. மனிசி பிடிக்கிறாள், பிறகென்ன என்பான். குளிராக இருக்கிறது, கட்டிவிட்டால் நான் காருக்குள் இருக்கலாமே என்று அவள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். அதற்குள் அவன் முதல் படியில் காலை வைத்துவிட்டான். அவள் கீழே நிற்பது அவனுக்குத் தேவையாக இருந்தது. ஏணிக்காக அல்ல என்றுதான் அவள் நினைத்தாள். தான் ஏறி நிற்பதை அண்ணாந்து பார்க்க ஒரு ஆள் வேண்டும்.

அன்றைக்கு அவன் படகை மூடிக் கட்டியிருந்த தறப்பாளில் தேங்கிய பனியைத் தள்ளுவதற்காக ஏறியிருந்தான். அந்தக் கிழமை பெய்த பனி தறப்பாளைத் தொட்டில்மாதிரி கீழே இழுத்திருந்தது. இரண்டு பக்கத்திலும் கிழியப் பார்த்தது. அவன் மேலே நின்று தும்புத்தடியால் தள்ளத் தள்ள, பனிக்கட்டிகள் அவளுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் வந்து விழுந்தன. இறங்கப்போவதாக அவன் சொல்லி, இறங்கி முடியும்வரை ஏணியை விடக்கூடாது என்பது ஏற்பாடு. றேஜான் தன்னுடைய படகின் தாங்கிகளைச் சரிபார்த்துக்கொண்டு அந்தப் பக்கமாக வந்தார். அவளுக்கு bonjour சொன்னார், குளிர் எப்படி என்று கேட்டார், அவளும் பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். பிறகு அவர் அண்ணாந்து பார்த்து, கப்டன், கயிறு எங்கே என்று கேட்டார்.

குணசீலன் மேலேயிருந்து சிரித்தான். அவன் சொன்ன பதில் நல்ல துறைமுகத்துப் பிரெஞ்சில், சத்தமாக, ஆண்கள் ஆண்களோடு பகிடி விடுகிற குரலில் இருந்தது. கயிறு எதற்கு, கீழே ஒரு மூட்டை வைத்திருக்கிறேனே, அவள் இதுக்கு மட்டும்தான் உதவுவாள் என்றான்.

றேஜான் சிரிக்கத் தொடங்கினார். பாதியில் அவருடைய கண்கள் சிவாஜினியின் முகத்துக்கு வந்தன. சிரிப்பு அங்கேயே நின்றது. அவர் குனிந்து, தாங்கியில் இல்லாத எதையோ தட்டிப் பார்த்தார்.

சிவாஜினி ஏணியை விட்டாள். கோபத்தில் உதறினாள் என்று சொல்ல முடியாது. கைகள் தாமாகக் கீழே வந்தன. அவள் திரும்பி, கார் நின்ற பக்கமாக நடந்தாள். பனி மூடிய சரளைக்கல்லில் தன்னுடைய காலடிச் சத்தம் கேட்டது அவளுக்கு நினைவிருக்கிறது. ஏதோ ஒரு நிம்மதி இருந்ததும் நினைவிருக்கிறது. பின்னால் அவன், "இறங்கிறன்" என்று சொன்னான். கீழே பார்க்காமலே சொல்லியிருப்பான். கீழே பார்க்க வேண்டிய தேவை அவனுக்கு ஒருநாளும் இருந்ததில்லை. அதற்குப் பிறகு அலுமினியம் படகின் பக்கத்தோடு உராய்கிற சத்தம். அது என்ன சத்தம் என்று அவளுக்கு உடனே விளங்கியது. விளங்கிய பிறகும் அவள் இன்னொரு அடி முன்னால் வைத்தாள். அதற்குப் பிறகுதான் திரும்பினாள்.

முதலில் ஓடியது றேஜான். தன்னுடைய மேலங்கியைக் கழற்றி அவனுடைய தலைக்குக் கீழே வைத்ததும் அவர்தான். குணசீலன் நேராகக் காலில் விழுந்து, பிறகு பக்கமாகச் சரிந்து கிடந்தான். முகம் சாம்பலாகிவிட்டது. அம்புலன்ஸ்காரப் பெண் எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டபோது அவன் பல்லைக் கடித்துக்கொண்டு பிரெஞ்சில் சொன்னான், மனைவி பிடித்துக்கொண்டுதான் நின்றாள், பனியில் ஏணியின் கால் சறுக்கிவிட்டது, அவளால் என்ன செய்ய முடியும் என்று. றேஜான் தன்னுடைய பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார். சிவாஜினி வாயைத் திறந்தாள். குளிர்காற்று உள்ளே போனது, சொல் ஒன்றும் வெளியே வரவில்லை.

வலது குதிக்கால் எலும்பு நொறுங்கியிருந்தது. தகடும் திருகாணியும் வைத்துப் பொருத்தினார்கள். கோடை தொடங்கும்வரை அந்தக் காலை நிலத்தில் ஊன்றவே கூடாது, அதற்குப் பிறகும் பழைய நடை வருமென்று சொல்ல முடியாது என்று மருத்துவர் சொன்னார். ஏணி ஏறுகிற வேலைக்கு அவன் திரும்பிப் போவது கஷ்டம் என்பதை நேராகச் சொல்லாமல், வேறு மாதிரியான வேலைகள் பற்றிக் கேட்டார். குணசீலன் சுவரைப் பார்த்தான். சிவாஜினி அவனுடைய போர்வையின் மடிப்பை நீவிவிட்டாள். நீவ வேண்டிய மடிப்பு ஒன்றும் அதில் இருக்கவில்லை.

அவன் ஏன் அந்தப் பொய்யைச் சொன்னான் என்று அவள் இரவும் பகலும் யோசித்தாள். அவளைக் காப்பாற்றத்தானா? மனிசி விட்டுவிட்டுப் போன ஆம்பிளை என்று பேர் வரக்கூடாது என்பதற்காகவா? அவன் அதைப்பற்றி அவளோடு ஒரு சொல்லும் கதைக்கவில்லை. ஆனால் முன்னையைவிட மென்மையாக இருந்தான். தேத்தண்ணி கொடுத்தால் வாங்கும்போது அவளுடைய முகத்தைப் பார்த்தான். அந்தப் பெருமூச்சுகூட இல்லை. தான் பெரிய ஒன்றை அவளுக்கு மன்னித்துவிட்டதாக அவன் நினைக்கிறான் என்பது மெல்ல மெல்ல அவளுக்கு விளங்கியது. மன்னிப்பு அவனுக்குப் பொருத்தமான ஒரு புதுச் சட்டையைப்போல இருந்தது. காலையில் அவள் வேலை செய்கிற பிள்ளைகள் காப்பகத்தில், அந்த garderie-யில், பிள்ளைகளுக்குச் சப்பாத்து நாடா கட்டும்போது, அந்த உராய்கிற சத்தம் அவளுடைய காதுக்குள் திடீரென்று வரும். அந்த இன்னொரு அடி. அவள் அப்படியே முழந்தாளில் நிற்பாள். பிள்ளை காலை ஆட்டி, சிவா, மற்றக் கால் என்று பிரெஞ்சில் ஞாபகப்படுத்தும்.

பொய் வீட்டுக்குள் இருந்திருந்தால் சுமந்திருப்பாள். அது வெளியே போய் வளர்ந்தது. குணசீலனைக் குளியலறைக்குக் கொண்டுபோக, படியேற்ற, காரில் இருத்த என்று அவள் தோள் கொடுத்துக் கொடுத்து வலது தோள்பட்டை வீங்கியது. அவள் மருந்து பூசிக்கொண்டிருந்ததை யாரோ பார்த்தார்கள். ஏணி சரியும்போது தோளைக் கொடுத்துத் தாங்கியிருக்கிறாள், இல்லாவிட்டால் ஆள் தலைகீழாக விழுந்திருப்பான் என்று கதை போனது. ஒட்டாவாவில் படிக்கிற மகள் மாதுரி தொலைபேசியில் அழுதாள். அம்மா, நீங்கள் ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டாள். கோவிலில் ஒரு பெண் அவளுடைய கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சிவாஜினி கையை இழுத்துக்கொண்டு, காரை வழியை மறித்து விட்டுவிட்டு வந்தேன் என்று சொல்லி வெளியே ஓடினாள்.

சித்திரை வருடப்பிறப்பன்று மத்தியானச் சாப்பாட்டுக்குக் குணசீலனின் அக்கா பாலாம்பிகை கூப்பிட்டிருந்தாள். கர்க்லாண்டில் அக்காவின் வீடு. தம்பியை இந்த நாட்டுக்கு எடுத்துவிட்டது பாலாம்பிகைதான். சிவாஜினிக்கு அவளிடம் கொஞ்சம் பயம் உண்டு. கல்யாணத்துக்கு முன் அவளுடைய படத்தைப் பார்த்துவிட்டு, பிள்ளை கொஞ்சம் மந்தம்போல என்று சொன்னதாக ஒரு கதை யார் மூலமோ காதுக்கு வந்திருந்தது. வாசலில் பனி கரைந்து ஓடிக்கொண்டிருந்தது. பாலாம்பிகையின் கணவர் நகுலேஸ்வரன் வந்து குணசீலனின் ஊன்றுகோல்களுக்கு வழிவிட்டு, மெதுவாக, மெதுவாக என்று சொல்லிக்கொண்டு உள்ளே கூட்டிப்போனார். மேசையில் கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, வடை, பாயசம். குணசீலனுக்குக் காலை நீட்டிவைக்க இன்னொரு கதிரை போட்டிருந்தார்கள்.

சாப்பாடு முடியும் தறுவாயில் பாலாம்பிகை எழுந்து உள்ளே போய் ஒரு சேலையோடு வந்தாள். நாவல் நிறத்தில் பட்டு. அவள் அதைச் சிவாஜினிக்குப் பக்கத்தில் வந்து நின்று, இரண்டு கையாலும் நீட்டினாள். அவளுடைய கண்கள் நிறைந்திருந்தன. இருபது வருடத்துக்கு மேலாக அப்படி ஒரு முகத்தைச் சிவாஜினி அவளிடம் பார்த்ததில்லை.

"நீ என்ர தம்பியைத் தாங்கிப் பிடிச்சனீ," என்றாள். "நான் உன்னைப்பற்றி முந்தி என்னவெல்லாமோ நினைச்சனான். அதுக்கும் சேர்த்துத்தான் இது. வாங்கு."

சிவாஜினியின் விரல்களில் பால்கறி காய்ந்து ஒட்டியிருந்தது. கை கழுவிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லி எழும்பலாம். கழுவிவிட்டு வந்து வாங்கலாம். வாங்கினால் அதைக் கட்ட வேண்டும், கட்டினால் யாராவது கேட்பார்கள், கேட்டால் அந்தக் கதையைத் தன்னுடைய வாயாலேயே சொல்ல வேண்டும். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நான் பிடிச்சுக்கொண்டு நிக்கேல்லை மச்சாள். ஏணியை விட்டுட்டுப் போட்டன்."

நகுலேஸ்வரன் தண்ணீர்க் குவளையை வாய்க்குப் பக்கத்தில் வைத்தபடியே இருந்தார். பாலாம்பிகை தம்பியைப் பார்த்தாள். குணசீலன் தாமதிக்கவில்லை. அவளுக்குக் குளிர், தான்தான் காருக்குள் போய் இருக்கச் சொன்னதாகச் சொன்னான். அதைச் சொல்லும்போதும் அவனுடைய குரலில் அந்த மென்மை இருந்தது.

"இல்லை," என்றாள் சிவாஜினி. "அவர் போகச் சொல்லேல்லை. நானாத்தான் போனனான்."

அதற்குப் பிறகு ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லாக இருந்திருக்கும். பாலாம்பிகை சேலையை அங்கேயே, மேசையின் மூலையில் வைத்தாள். பாயசம் ஆறப்போகிறது என்று சொல்லி நகுலேஸ்வரன் எல்லோருக்கும் ஊற்றினார். சிவாஜினியின் கோப்பைக்கும் ஊற்றினார், முந்திரிப்பருப்பும் பார்த்துப் போட்டார். அவள் குடித்தாள். இனிப்புத் தெரியவில்லை, சூடு மட்டும் தெரிந்தது. வெளிக்கிடும்போது பாலாம்பிகை தம்பியின் தலையைத் தடவினாள். சிவாஜினியிடம், பாத்து ஓட்டு என்று மட்டும், அவளுடைய காலணியைப் பார்த்துச் சொன்னாள். சேலை மேசையிலேயே இருந்தது.

காருக்குள் குணசீலனின் இருக்கையை முழுதாகப் பின்னுக்குத் தள்ளியிருந்தாள். அவன் காலை நீட்டிக்கொண்டு, ஊன்றுகோல்களை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு இருந்தான். சிவாஜினி மெதுவாக ஓட்டினாள். மழையும் பனியும் கலந்து தூறத் தொடங்கியது. கொஞ்சத் தூரம் போனபிறகு அவன், அக்காவுக்கு முன்னால் அதை ஏன் சொல்ல வேண்டும் என்று கேட்டான். தான் ஒருநாளாவது அதைக் குத்திக்காட்டியதுண்டா என்று கேட்டான். இல்லை என்று அவள் சொன்னாள். அதுதான் தாங்க முடியவில்லை என்று சொல்ல நினைத்தாள், சொல்லவில்லை. பிறகு அவன் வேறொன்று கேட்டான். இத்தனை நாளும் கேட்காமல் வைத்திருந்தது என்று குரலிலேயே தெரிந்தது.

"ஏணி சறுக்கின சத்தம் உனக்குக் கேக்கேல்லையா?"

"கேட்டது."

அவன் காத்திருந்தான்.

"கேட்டு, உடனை திரும்பேல்லை," என்றாள். "ஒரு அடி வைச்சிட்டுத்தான் திரும்பினனான்."

அவனுடைய கை ஊன்றுகோலின் கைப்பிடி ரப்பரைச் சுரண்டிக்கொண்டிருந்தது. ஏன் என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டான். தான் அன்றைக்கு அவளோடு ஒரு சண்டையும் பிடிக்கவில்லையே, ஒன்றும் சொல்லவில்லையே என்றான். அவன் யோசித்துப் பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது. காலையில் தேத்தண்ணி, கார், தறப்பாள், பனி என்று ஒவ்வொன்றாகப் பின்னுக்குப் போய்த் தேடிக்கொண்டிருந்தான். அவனுக்கு அது கிடைக்கவேயில்லை. அவள் தெருவைப் பார்த்தபடி, அவன் றேஜானுக்குச் சொன்னதை அவன் சொன்ன மாதிரியே, அந்தப் பிரெஞ்சிலேயே, அந்தத் துறைமுகத்து இழுவையோடு சொன்னாள். மூட்டை என்ற சொல்லையும் விடவில்லை.

சிவப்பு விளக்கில் கார் நின்றது. வைப்பர் போய்வந்தது.

"நான் garderie-யில எத்தினை வருசமா வேலை செய்யிறன்," என்றாள். "அந்தப் பிள்ளையள் என்னோட என்ன பாசையில கதைக்குதுகள் எண்டு நினைச்சனீங்கள்?"

 அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அவனுடைய காது மடல்கள் சிவந்திருந்தன. ஏணியிலிருந்து விழுந்து கிடந்தபோது பார்த்த முகத்தைவிட இது கஷ்டமாக இருந்தது. அன்றைக்கு அந்த முகத்தில் வலி மட்டும்தான். விளக்கு பச்சையானது. பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தபிறகுதான் அவள் காரை எடுத்தாள்.

அடுத்த சந்தியும் கடந்தபிறகு அவன் கேட்டான். "றேஜானுக்கு விளங்கினதா, உனக்கு விளங்கினது எண்டு?"

"ஓம்."

"ஆஸ்பத்திரிக்கு ஒருக்கா வந்தவர். என்ர முகத்தைப் பாக்கேல்லை," என்றான்.  பிறகு, ஊன்றுகோல்களைப் பார்த்தபடி, "அக்காட்ட நீ விட்டதை மட்டும் சொன்னனீ. நான் சொன்னதைச் சொல்லேல்லை," என்றான்.

 அவனைக் காப்பாற்றவா அதை மறைத்தாள்? அந்தச் சொல்லை அந்த மேசையில் வைத்து எல்லோரும் தன்னைப் பார்ப்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். அது அவனுடைய வாயிலிருந்து வந்தது, ஆனால் அதைச் சொன்னால் வெட்கப்பட வேண்டியவள் ஏனோ தான்தான் என்று அவளுக்குப் பட்டது. இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அவள் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டு, சுற்றி வேறு தெருவால் வந்தாள்.

வீட்டுக்குக் கிட்ட இருக்கிற மூலைக்கடையை, அந்த dépanneur-ஐக் கண்டதும் குணசீலன் நிறுத்தச் சொன்னான். காலையில் பால் முடிந்துவிட்டது என்று அவள் சொன்னதாகச் சொன்னான். தான் போய் வாங்கி வருவதாகச் சொல்லி அவள் இருக்கைப் பட்டியைக் கழற்றினாள். அவன் அதற்குள் தன்பக்கக் கதவைத் திறந்துவிட்டான்.

"நீ இரு. நான் வாங்கிக்கொண்டு வாறன்."

அதற்கு முன் ஒருநாளாவது அவன் கடைக்குப் போய்ப் பால் வாங்கியதாக அவளுக்கு நினைவில்லை. ஊன்றுகோல்களை வெளியே ஊன்றி, இடது காலில் எழும்பி, நனைந்த நடைபாதையில் ஒவ்வொரு வைப்பாக வைத்துப் போனான். கரையாத பனி அழுக்காகக் குவிந்திருந்த இடத்தில் நின்று, எங்கே ஊன்றுவது என்று கீழே நன்றாகப் பார்த்து, பிறகு ஊன்றினான். யாரோ வெளியே வந்தவர் கதவைப் பிடித்துக்கொண்டார். அவன் merci சொல்லி உள்ளே போவது தெரிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சிப்ஸ் பைகள் தொங்கிய தட்டுகளுக்கு நடுவில், அவனுடைய தலை ஒவ்வொரு தடவையும் எழும்பித் தாழ்ந்து பின்பக்கம் போய் மறைந்தது.

மழை கனத்தது. அவன் திரும்பி வந்தபோது கதவுக்கு உள்ளே தனியாக நின்றான். பால் போட்ட பிளாஸ்டிக் பை வலது ஊன்றுகோலின் கைப்பிடியில் தொங்கியது. கதவைத் தள்ள ஒரு கை வேண்டும், அவனிடம் கை இல்லை. அவன் காரின் பக்கம் பார்க்கவில்லை. திரும்பி, முதுகைக் கண்ணாடியில் வைத்துத் தள்ளினான். கதவு கொஞ்சம் திறந்தது, காற்று அதைத் திரும்ப மூடியது, பை ஆடி அவனுடைய கட்டுப்போட்ட காலில் மோதியது. அவன் அப்படியே கொஞ்ச நேரம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

சிவாஜினியின் கை கார்க் கதவின் பிடியில் இருந்தது. வைப்பர் ஒருமுறை கண்ணாடியைத் துடைத்தது. குணசீலன் இடது காலைச் சற்று அகட்டி வைத்து, மறுபடியும் முதுகைக் கொடுத்தான்.